நான் ரன் மட்டும்தான் பண்ணினேன்

சனிக்கிழமை காலை. நானும் என் கணவர் முரளியும் சான் ஹோசேயிலிருந்து ஃபிரீமாண்ட் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. எடுத்தேன், கதிர்வேலின் மனைவி மல்லிகா. "அக்கா, அவரு போயிட்டாருங்கக்கா" என்றாள். முந்தின நாள் அமெரிக்காவின் மறுகோடியில், அவர்கள் இருக்கும் பிஸ்கட்டவேயில் பெரிய பனி. வேலைக்குக் கிளம்பும் முன் காரை வெளியே எடுப்பதற்காக டிரைவ்வேயில் பனி அள்ளிக்கொண்டிருந்தவர், மார்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறார். ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரி சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கதிர்வேலுக்கு இன்னும் நாற்பது நிரம்பவில்லை.

ஃபோனை வைத்ததும் முரளி "யாரு?" என்றார். "கதிர்" என்றேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "டிக்கெட் போடவா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும். உங்களில் பலருக்குத் தெரியாது. தமிழ்ச் சங்கத்திலிருந்து அவருடைய நினைவு மலருக்கு ஒரு பக்கம் கேட்டிருந்தீர்கள். ஒரு பக்கத்தில் இது அடங்காது.

கதிரை அறிந்த உங்களுக்கு அவரை நான் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நியூவர்க் விமான நிலையத்தில் முகம் தெரியாத ஒருவரைக் கூட்டிவரப் போய் நின்றவர். டிரைவிங் டெஸ்டுக்கு உங்களில் எத்தனை பேர் அவருடைய பழைய காரை எடுத்துக்கொண்டு போனீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். கோபிச்செட்டிபாளையத்துக்காரர். இந்த ஊரில் எத்தனை வருடம் இருந்தும் அந்த 'ங்க' அவர் பேச்சை விட்டுப் போகவில்லை. எங்கள் டைரக்டர் கேரனிடம் ஆங்கிலத்தில் பேசும்போதுகூட வாக்கியத்தின் கடைசியில் லேசாக ஒரு மரியாதை ஒட்டிக்கொண்டிருக்கும். இவையெல்லாம் உண்மை. நான் சொல்லப்போவதும் உண்மை.

தொண்ணூற்றைந்தில் பிஸ்கட்டவேயில் அந்தச் சின்ன கம்பெனியில் நான் சேர்ந்தேன். மருந்து கம்பெனிகளுக்காகக் கணக்குப் போட்டுக் கொடுப்பது எங்கள் வேலை. ஒரு மருந்தை இத்தனை எடையுள்ள ஒருவருக்கு இவ்வளவு கொடுத்தால் ரத்தத்தில் எவ்வளவு நேரம் எவ்வளவு இருக்கும் என்று சமன்பாடுகளை வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். நான் கணிதம் படித்தவள். சமன்பாட்டை எழுதுவேன், பிறகு கணக்கு மென்பொருளின் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டளையாகத் தட்டுவேன். படம் வரும், சேமிப்பேன், அடுத்த நோயாளி. ஒரு பகல் முழுவதும் இப்படிப் போகும். அடுத்த கியூபிக்கிளிலிருந்து கதிர் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, இது முடியற வரைக்கும் இங்கயேதான் உக்காந்திருப்பீங்களா?" என்றார்.

ஜன்னலே திறக்காமல், யூனிக்ஸ் மெஷினின் கட்டளை வரியில் ஒரே ஒரு வரி எழுதினார். மென்பொருளின் பெயர், என் கட்டளைகளையெல்லாம் எழுதிச் சேர்த்த ஸ்கிரிப்டின் பெயர், விடைகள் போய்ச் சேர வேண்டிய கோப்பின் பெயர். தட்டிவிட்டு, "வாங்க, டீ குடிக்கப் போலாம்" என்று எழுந்துவிட்டார். திரும்பி வந்தபோது எல்லா நோயாளிகளுக்கும் கணக்கு முடிந்திருந்தது. "பக்கத்துல ஒருத்தர் உக்காந்து கையைப் புடிச்சுக்கிட்டே இருந்தா அது ப்ரோக்ராம் இல்லீங்க, கைக்குழந்தை" என்று சொல்லிச் சிரித்தார். பதிலுக்கு அவருடைய சமன்பாடுகளில் இருந்த ஓட்டைகளை நான் அடைத்தேன். மெக்கானிக்கல் படித்துவிட்டு கம்ப்யூட்டருக்கு வந்தவர் அவர். கணிதத்தில் தடுமாறும் இடத்தை மறைக்க மாட்டார். நேராக வந்து, "இது எனக்கு ஏறலீங்க, ஒருக்கா சொல்லுங்க" என்பார். கொஞ்ச நாளில் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு படிந்தது. நான் எழுதுவேன், அவர் ஓட்டுவார். "உங்க கணக்கு, என்னோட ஓட்டம்" என்பார். அந்த ஆபீஸில் எங்களை இரண்டு பேராக யாரும் நினைத்ததில்லை.

எனக்கு அப்போது லைசென்ஸ் இல்லை. முரளிக்கு ஜெர்சி சிட்டியில் வேலை, காலையிலேயே ரயிலுக்குப் போய்விடுவார். கதிர்தான் எடிசனில் எங்கள் அபார்ட்மெண்ட் வாசலில் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போவார். போகிற வழியெல்லாம் பேச்சுதான். கோபியில் அவர் அப்பாவின் அரிசி மில்லைப் பற்றி, அண்ணனோடு வந்த சண்டையைப் பற்றி, மல்லிகா கல்யாணமான புதிதில் அமெரிக்கா வரமாட்டேன் என்று அடம் பிடித்ததைப் பற்றி. வெள்ளிக்கிழமைகளில் மல்லிகா அரிசிம்பருப்புச் சாதம் செய்து இரண்டு டப்பாவாகக் கொடுத்தனுப்புவாள். ஒன்றின் மூடியில் என் பெயர் எழுதியிருக்கும். ஊரில் எனக்கு உடன்பிறந்தவன் ஒரே தம்பிதான். இங்கே கதிரை நான் எந்த உறவுமுறையிலும் வைத்துக்கொள்ளவில்லை. நண்பர் என்றுதான் நினைத்தேன். அந்தச் சொல்லே போதுமானதாக இருந்தது.

தொண்ணூற்றேழு டிசம்பரில் தம்பி கல்யாணத்துக்காக நான் சென்னைக்குப் போனேன். அப்போது குழந்தைகளுக்கான ஒரு மருந்துக்கு அளவு கணக்கிடும் வேலை கையில் இருந்தது. ஸ்கிரிப்டை எழுதி, சோதித்து, கதிரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். குழந்தைகளின் இறுதி எடைப் பட்டியல் வந்ததும் ஓட்ட வேண்டும், விடைகளை ரிப்போர்ட்டில் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் பாக்கி. "கவலைப்படாம போயிட்டு வாங்க. வரும்போது மறக்காம கை முறுக்கு" என்றார். முறுக்கும் வாங்கி வந்தேன். அதைக் கொடுத்தபோது டப்பாவை மேஜை மேல் வைத்துவிட்டு, "தேங்க்ஸ்ங்க" என்று மட்டும் சொன்னார். பயணம் எப்படி, கல்யாணம் எப்படி என்று எதுவும் கேட்கவில்லை. உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மதியம் கேரன் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். ரிப்போர்ட் திரும்பி வந்திருந்தது. எண்கள் எல்லாம் தவறு. மருந்து கம்பெனியின் டாக்டர் ஒருவர் படித்துப் பார்த்து, ஐந்து வயதுக் குழந்தைக்கு இப்படி வர வாய்ப்பே இல்லை என்று கண்டுபிடித்திருந்தார். நல்லவேளை, எந்தக் குழந்தைக்கும் அந்த மருந்து போகவில்லை. ஆனால் அந்த கம்பெனி எங்களோடு இனி வேலை செய்வதா வேண்டாமா என்று யோசிக்கிறது என்றார் கேரன். குரலை உயர்த்தாமல், "இந்தக் கணக்கு யாருடையது?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கதிர் பேசினார். "ஸ்கிரிப்ட் வத்சலா எழுதியது. நான் ரன் மட்டும்தான் பண்ணினேன்."

ஆங்கிலத்தில் சொன்னார். ஒவ்வொரு சொல்லும் உண்மை. நான் அவர் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவர் கேரனையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் காரில் ரேடியோவைப் போட்டார். அவர் காரில் ரேடியோ பாடி நான் கேட்டதே இல்லை.

மறுநாள் என் லாகினில் அதே ஸ்கிரிப்டை, அதே எடைப் பட்டியலோடு ஓட்டினேன். விடைகள் சரியாக வந்தன. மறுபடி ஓட்டினேன், சரி. ரிப்போர்ட்டில் இருந்த எண்களை எடுத்து வைத்து ஒப்பிட்டேன். அங்கே குழந்தைகளின் எடை ஒவ்வொன்றும் பாதிக்கும் குறைவாக இருப்பதுபோல் கணக்குப் போயிருந்தது. கிலோவில் இருந்த எடையை யாரோ பவுண்டு என்று எடுத்துக்கொண்டு இன்னொரு தரம் கிலோவாக மாற்றினால்தான் அப்படி வரும். நான் எழுதியதில் அந்த மாற்றமே கிடையாது. ஆனால் ஒரு வருடம் முன்பு ஓர் அமெரிக்க மருத்துவமனையின் தகவலுக்காக நாங்கள் எழுதிய பழைய ஃபங்ஷன் ஒன்றில், அதாவது ஸ்கிரிப்ட் கூப்பிட்டுக்கொள்ளும் துணைக் கணக்கு ஒன்றில், இருந்தது. பழையதற்கும் புதியதற்கும் ஒரே பெயர். மெஷினில் என் கோப்புகள் இருக்கும் இடத்தில் பழையதை அழித்துவிட்டிருந்தேன்.

கணக்கு மென்பொருள் தொடங்கும்போது, ஓட்டுகிறவருடைய சொந்த அமைப்புக் கோப்பைத்தான் முதலில் படிக்கும். எந்தெந்தக் கோப்பு அடைவில் தேட வேண்டும் என்று அவர் எழுதி வைத்திருப்பாரோ, அந்த வரிசையில் தேடும். ஜன்னலில் உட்கார்ந்து செய்தால் ஏதாவது கண்ணில் படலாம். கட்டளை வரியில் தட்டிவிட்டு டீ குடிக்கப் போனால் எது கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு, ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் விடையைக் கொடுத்துவிடும். கதிர் இடத்தில் அந்தப் பழைய ஃபங்ஷன் இன்னும் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. உண்மையில் அப்போது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. யாருக்கும் நேரக்கூடிய பிசகு, கண்டுபிடித்துவிட்டோம், இருவருமாகப் போய் கேரனிடம் சொல்லிவிடலாம் என்று அவருடைய கியூபிக்கிளுக்குப் போனேன்.

"கதிர், உங்க லாகின்ல ஒரு தடவை இதை ஓட்டிக் காட்டுங்க" என்றேன்.

அவர் நாற்காலியைத் திருப்பி, கீபோர்டின் மேல் கைகளை வைத்தார். வைத்தவர் தட்டவில்லை. விரல்கள் அப்படியே நின்றன.

"வேண்டாமுங்க" என்றார். "எனக்குத் தெரியுமுங்க."

"என்ன தெரியும்?"

"அந்தப் பழைய ஃபங்ஷன். அது என்னோட இடத்துல கெடக்குது. அதைத்தான் எடுத்திருக்குது."

"எப்ப தெரிஞ்சுது?"

"ரிப்போர்ட் திரும்பி வந்த அன்னிக்கே பாத்துட்டனுங்க. நீங்க ஊர்ல இருந்தீங்க."

அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே அதைக் கேட்டேன். உட்காரத் தோன்றவில்லை. "அப்ப நேத்து மீட்டிங்ல?" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மல்லிகாவுக்கு ஆறாம் மாசமுங்க. என்னோட கிரீன் கார்டு பேப்பர் இப்பத்தான் நகர ஆரம்பிச்சிருக்குது. இந்த வேலை போனா மறுபடி மொதல்ல இருந்து. அதுகூட இல்லீங்க, மூட்டை கட்டிட்டு ஊருக்குத்தான் போகோணும். உங்களுக்கு அப்படி இல்லீங்களே. முரளி விசா இருக்குது. நீங்க வீட்டுல இருந்துக்கலாம்."

"நான் வீட்டுல இருந்துக்கலாம்னு யார் முடிவு பண்ணினது?"

அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் நேராக கேரனிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். கேரன் நியாயமானவர்தான். கதிரை அழைத்து என் முன்னாலேயே கேட்டார், பழைய ஃபங்ஷன் உங்களிடம் இருந்ததா என்று. கதிர் கொஞ்சம் யோசிப்பதுபோல இருந்துவிட்டு, "சரியாக ஞாபகம் இல்லை. எதற்கும் பார்த்துச் சொல்கிறேன்" என்றார். இன்றைக்கும் என்னால் விழுங்க முடியாமல் இருப்பது இதுதான். முதல் நாள் மீட்டிங்கில் பயத்தில் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். இது பயத்தில் வந்ததில்லை. ஒரு மணி நேரம் முன்னால் என் முகத்தைப் பார்த்து "தெரியுமுங்க" என்று சொன்ன அதே மனிதர், அதே முகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஞாபகம் இல்லை என்றார். அவர் பார்த்துச் சொன்னபோது அந்தப் பழைய ஃபங்ஷன் அவர் இடத்தில் இருக்கவில்லை.

கேரன் என்னை மட்டும் இருக்கச் சொன்னார். ஒரு ஸ்கிரிப்டை யார் ஓட்டினாலும் ஒரே விடை வர வேண்டும், அதற்கு எழுதியவர்தான் பொறுப்பு என்றார். மறுக்க முடியாத பேச்சு. எனக்கு வேண்டிய சாட்சியோ ஒரே ஒருவர். மாத முடிவில் என்னை அனுப்பிவிட்டார்கள்.

எச்-ஒன் விசாவிலிருந்து, கணவரின் விசாவோடு ஒட்டிக்கொண்டிருக்கும் எச்-ஃபோருக்கு மாறினேன். அதில் இருப்பவர் வேலை பார்க்கக் கூடாது. கதிர் சொன்னதுபோலவே வீட்டில் இருந்தேன். காலையில் முரளி ரயிலுக்குப் போன பிறகு, மற்றவர்களின் கார்கள் ஒவ்வொன்றாக பார்க்கிங் லாட்டிலிருந்து வெளியேறுவதை ஜன்னலில் நின்று பார்ப்பேன். லைசென்ஸ் வாங்கினேன், ஓட்டிப் போக இடமில்லை. நண்பர் வீடுகளுக்குப் போனால் அங்கிருக்கும் அங்கிள்கள், "வேலையை விட்டுட்டியாமே, நல்லதுதான், இனிமே குழந்தை குட்டின்னு பார்க்கலாம்" என்பார்கள். நான் விடவில்லை என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? அடுத்த பொங்கல் விழாவில் மேடைக்குக் கூப்பிட்டு கதிருக்குச் சால்வை போர்த்தினீர்கள். நானும் கூட்டத்தில் இருந்தேன். கைதட்டினேன். பக்கத்தில் மல்லிகா உட்கார்ந்திருந்தாள்.

மல்லிகாவை நான் இழந்ததும் இதில் சேர்த்தி. "ஏனுங்கக்கா, வீட்டுப் பக்கமே வரமாட்டேங்கறீங்க, நான் எதாச்சும் தப்பாப் பேசிட்டனா?" என்று ஒரு நாள் ஃபோனில் கேட்டாள். உடம்பு சரியில்லை என்றேன். பெண் பிறந்தபோது பார்க்கப் போனேன். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். கதிர் தட்டில் லட்டுகளோடு வந்து நின்று, "எடுத்துக்குங்க" என்றார். எடுத்துக்கொண்டேன். எங்களுக்குள் அன்று நடந்த பேச்சு அவ்வளவுதான்.

தொண்ணூற்றொன்பதில் முரளிக்கு சான் ஹோசேயில் வேலை கிடைத்து இங்கே வந்தோம். அடுத்த வருடம் எனக்கும் ஒரு கம்பெனி விசா கொடுத்தது. மறுபடி சமன்பாடுகள், மறுபடி ஸ்கிரிப்டுகள். போன கோடையில் கதிர் ஏதோ டிரெய்னிங்குக்காக இந்தப் பக்கம் வந்தவர், ஃபோன் செய்து பார்க்க முடியுமா என்று கேட்டார். சன்னிவேலில் ஒரு தென்னிந்திய ஓட்டலில் மதிய நேரத்தில் உட்கார்ந்தோம். உடம்பு பெருத்திருந்தது, படி ஏறி வந்ததற்கே மூச்சு வாங்கியது. வாங்கிய வீட்டைப் பற்றிச் சொன்னார். பெண் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறாள் என்றார். நான் காத்திருந்தேன். இவ்வளவு தூரம் கூப்பிட்டுப் பேசுகிறவர் அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நம்பினேன்.

தோசையை முடித்துக் கை துடைத்துக்கொண்டே சொன்னார்: "இப்ப நல்லா இருக்கீங்கல்ல? எனக்கு அப்பவே தெரியுமுங்க, உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு."

"ரெண்டு வருஷம் ஆச்சு, கதிர்" என்றேன்.

அவர் தண்ணீர் டம்ளரை எடுத்தார், குடித்தார், வைத்தார். "ஆமாங்க" என்றார். பிறகு என் ஆபீஸுக்கு எந்த ஃப்ரீவே என்று கேட்டார். வழி சொன்னேன். அவரைப் பார்த்தது அதுதான் கடைசி.

செய்தி வந்து ஒரு வாரம் கழித்து மல்லிகா மறுபடி கூப்பிட்டாள். "மலருல நீங்க எழுதோணுங்கக்கா. அவரு வேலை எப்படின்னு உங்களுக்குத்தான் தெரியும். வத்சலா மாதிரி கூட்டாளி கிடைக்கலைன்னு சொல்லிட்டே இருப்பாரு." அதைக் கேட்டதும் என்னால் தாங்க முடியவில்லை. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கணவனை இழந்து பத்து நாள் ஆகாதவளிடம் சொல்லலாமா என்று கேட்பீர்கள். மூன்று வருடம் அவளிடம் பொய் சொல்லிவிட்டு, இப்போது அவள் பெயரைச் சொல்லி ஒரு புகழுரையும் எழுத என்னால் முடியவில்லை.

அவளுக்குப் பின்னால் குழந்தை ஏதோ ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு மல்லிகா சொன்னாள்: "அந்தத் தை மாசம் அவரு சரியாச் சாப்பிடவே இல்லீங்கக்கா. புள்ளத்தாச்சிக்காரி நான் சாப்பிடறேன், உங்களுக்கு என்னன்னு சண்டை போட்டேன். ஆபீஸ்ல டென்ஷன்னு சொன்னாரு." பிறகு, "எங்கிட்டயும் சொல்லலை பாருங்க" என்றாள். அந்தக் குரலில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்கக்கா. வெறும் நல்லதா எழுதுனா அது வேற யாரோ. எழுதிட்டு எனக்குப் படிச்சுக் காட்டுங்க." நேற்று ஃபோனில் படித்துக் காட்டினேன். ஒரு வரியையும் எடுக்கச் சொல்லவில்லை.

கதிரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பதைச் சொல்லி முடிக்கிறேன். இன்று நான் எழுதும் எந்த ஸ்கிரிப்டும், ஓட்டுகிறவருடைய சொந்த அமைப்பு எதையும் படிக்காமல்தான் தொடங்கும். எந்த ஃபங்ஷனை எங்கிருந்து எடுத்தேன் என்று முதலிலேயே அச்சிட்டுக் காட்டும். இங்கே புதிதாகச் சேர்ந்த ஒருவர், எதற்கு இவ்வளவு சந்தேகம் என்று கேட்டார். ஒரு நண்பரிடமிருந்து வந்த பழக்கம் என்றேன். நண்பர் என்ற சொல்லைத் தேடி எடுக்கவில்லை, தானாகவே வந்தது.

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. இனிக் கேட்கவும் போவதில்லை. அவர் கேட்காத மன்னிப்பை நீயே மலரில் எழுதிக் கொடுத்துவிடு, மனசு லேசாகும் என்று முரளி சொல்கிறார். என்னால் முடியவில்லை. போன திங்கட்கிழமை ஆபீஸில் ஒரு சமன்பாடு சரியாக வந்து உட்கார்ந்தது. இதை ஓட்டிப் பார்த்தால் கதிர் என்ன சொல்வார் என்று நினைத்துக்கொண்டே பக்கத்துக் கியூபிக்கிள் பக்கம் திரும்பிவிட்டேன். அங்கே யாரோ ஒருவர் ஃபோன் பேசிக்கொண்டிருந்தார். அப்போதுதான், செய்தி வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, அழுதேன். கோபம் அப்படியே இருந்தது. அதோடுதான் அழுதேன்.